தர்மபாலர் எத்தனை பேர்?



சென்ற பௌர்ணமியன்று வழிபாடு முடிந்த பின்னர், உபாசகர் ஒருவர் பிறந்து நாற்பது நாளான தம் ஆண் மகவைக் கையில் ஏந்தி என்னிடம் வந்தார். "ஐயா, பிள்ளைக்குத் தர்மபாலன் என்று பெயர் வைக்கலாம் என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். தர்மபாலர் என்பவர் யார்? பெரிய பையன் அவர் ஒரு ராஜா என்று புத்தகத்தில் படித்தானாம். என் மாமனார் காஞ்சிபுரத்துப் பிக்கு என்கிறார். நம் சங்கத்துச் சுவரிலே மாட்டியிருப்பது இலங்கைப் பெரியவர் படம். இவர்களில் யார் பெயரை என் பிள்ளைக்கு வைக்கிறேன்?" என்று கேட்டார்.

கேள்வி சிறியது, ஆனால் நாம் அனைவரும் கேட்டுத் தெளிய வேண்டியது. நம் வீடுகளில் புதுப் பெயர்கள் பெருகி வருகின்றன. பெயரைத் தாங்கியவரை அறியாது பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது, சட்டைப்பையில் திறவுகோலை வைத்துக்கொண்டு வீடு எதுவென்று அறியாதிருப்பதை ஒக்கும். ஆதலின் இம்மாதப் பாடத்தைத் தர்மபாலர் என்னும் ஒரு பெயருக்கே ஒதுக்கினேன்.

1. பெயர் ஒன்று, ஆள் பல

நான் நூற்பாலையில் வேலை செய்த காலத்தில் எங்கள் ஷிப்டில் குப்பன் என்னும் பெயருடையோர் நால்வர். அவர்களுள் யானும் ஒருவன். எனக்கு முன் பிறந்த இருவரும் பால்குடி மாறாத பருவத்திலேயே இறந்தமையால், இதுவாவது நிற்கட்டும் என்று என்னைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, என் அன்னையார் அப்பெயரை இட்டார். மற்ற மூவர் கதையும் ஏறக்குறைய அதுவே. ஆலைக் கணக்கில் எங்களைப் பிரித்துக் காட்டியது டோக்கன் எண் ஒன்றுதான். ஒரு மாதம், வேறொரு குப்பன் வேலைக்கு வாராத நான்கு நாட்களின் கூலி என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. முறையிட்டேன். "எல்லாம் குப்பன்தானே!" என்று எழுத்தர் நகைத்தார். பிடித்த பணம் திரும்பி வர இரண்டு மாதங்கள் ஆயின. அந்த நகைப்பு இன்றும் என் செவியை விட்டு நீங்கவில்லை.

பெயர் ஒன்றாக இருப்பதாலேயே ஆளை ஒன்றாக்கிவிட்டால், ஒருவன் உழைப்பு மற்றொருவன் கணக்கில் ஏறும்; ஒருவன் குற்றம் மற்றொருவன் தலையில் விழும். ஆலையில் நடப்பதே வரலாற்றிலும் நடக்கும். ஆகவே ஒரு பெயரைக் கேட்டவுடன் ஐந்து வினாக்களை எழுப்புதல் வேண்டும். எவ்வூர்? எக்காலம்? எம்மொழியில் பேசினார், எழுதினார்? எவரிடம் கற்றார், எவருக்குக் கற்பித்தார்? என்ன செய்தார்? இவ்வைந்தும் பெரியோருக்குரிய டோக்கன் எண்கள் என்று கொள்க.

2. பெயரின் பொருள்

தர்மபாலர் என்பது வடமொழி வடிவம், பாலியில் தம்மபாலர். பாலர் என்னும் பகுதி இங்கே காப்பவர் என்னும் பொருளது. தர்மத்தைக் காப்பவர் தர்மபாலர். தமிழில் சொல்வதாயின் அறங்காவலர். கோயிற் சொத்துகளை மேற்பார்க்கும் குழுவினரை இன்று அச்சொல்லால் அழைக்கிறோம். சொல்லின் பொருளை நோக்கினால் இரண்டும் ஒன்றே. சொத்தைக் காப்பதும் காவல்தான்; ஆயின் அறத்தைக் காப்பது அதனினும் அரிய காவல்.

3. கதையில் வரும் தர்மபாலர்

முதலாவது தர்மபாலரை ஜாதகக் கதைகளில் காண்கிறோம். மகாதம்மபால ஜாதகம் என்பது அக்கதையின் பெயர். காசி நாட்டில் தம்மபாலர் குடும்பம் வாழ்ந்த சிற்றூர் ஒன்று, ஊருக்கும் அப்பெயரே. அக்குடியில் பிறந்த இளைஞன் தம்மபாலன் தக்கசீலத்துக்குக் கல்வி கற்கச் சென்றான். அங்கே ஆசிரியரின் மூத்த மகன் இறந்தான். எல்லாரும் அழுதனர், இவன் மட்டும் அழவில்லை. "இளையவர்கள் ஏன் இறக்கிறார்கள்? எங்கள் குடியில் இளமையில் எவரும் இறப்பதில்லையே" என்று வியந்தான். ஆசிரியர் அதனைச் சோதிக்க எண்ணி, ஆட்டெலும்புகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவ்வூர் சென்று, "உன் மகன் இறந்தான், இவை அவன் எலும்புகள்" என்றார். தந்தையோ கைகொட்டி நகைத்து, "அவை வேறு எவருடையனவோ, நாங்கள் தம்மத்தைக் காக்கிறோம், எங்களில் இளையோர் இறப்பதில்லை" என்றார்.

இக்கதையைப் படிக்கும்போது ஒரு பிழை நேராமல் காத்துக்கொள்ள வேண்டும். குழந்தையைப் பறிகொடுத்த தாயை நோக்கி, "நீ தம்மத்தைக் காக்கவில்லை, அதனால்தான்" என்று கூறுபவன் கதையையும் அறியான், கருணையையும் அறியான். என் அன்னையார் இரண்டு குழந்தைகளை இழந்தார். அவர் எவருக்கும் தீங்கு நினைத்தவர் அல்லர். எங்கள் குடியிருப்பில் இருந்தது ஒரே குழாய். அதன் அருகே சாக்கடை. கதையில் ஒரு வீடு அன்று, ஓர் ஊரே தம்மபாலர் பெயரைத் தாங்குகிறது என்பதை உற்று நோக்குங்கள். ஊரார் அனைவரும் பொய்யும் களவும் நீங்கி ஒருவரையொருவர் காக்கும் இடத்தில் குழந்தைகள் பிழைக்கும். தம்மத்தைக் காத்தல் ஊர் முழுவதும் சேர்ந்து செய்யும் வேலை என்பதே இக்கதையிலிருந்து நான் கற்றது.

4. காஞ்சியிற் பிறந்த தர்மபாலர்

இரண்டாமவர் நம் தமிழகத்தவர். கி.பி. ஆறாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத்தில் அமைச்சர் ஒருவரின் மூத்த மகனாகப் பிறந்தார். ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவெங்கும் பயணம் செய்த சீனத் துறவி யுவான் சுவாங் இவரது இளமையைப் பற்றி எழுதியுள்ளார். அரசன் இவருக்கு மணவிருந்து ஏற்பாடு செய்தான். அன்று மாலை இளைஞர் உளம் நொந்து, புத்தர் திருவுருவின் முன் நின்று வேண்டினார். தெய்வம் அவரைத் தூக்கிச் சென்று தொலைவில் விட்டதாகவும், பல காதம் கடந்து மலை விகாரை ஒன்றின் புத்தர் கூடத்தில் அவர் அமர்ந்திருந்ததாகவும் கதை செல்கிறது. கதவைத் திறந்த பிக்கு அவரைக் கள்வனோ என்று ஐயுற்றார். பின்னர் உண்மை கேட்டு ஏற்றுக்கொண்டார். தெய்வம் தூக்கியதோ, தம் கால்களே தூக்கிச் சென்றனவோ, அமைச்சர் வீட்டுப் பிள்ளை அரச விருந்தை விட்டு இரவோடிரவாக வெளியேறினார் என்பதே நாம் கொள்ளத்தக்கது.

இவர் நாலந்தா மகாவிகாரையின் தலைமை ஆசிரியர் நிலைக்கு உயர்ந்தார். யோகாசார நெறியில் பேரறிஞர். வசுபந்துவின் முப்பது செய்யுட்களுக்கு எழுந்த பத்து உரைகளுள் இவரது உரையையே தலையாயதாகக் கொண்டு, யுவான் சுவாங் 659ஆம் ஆண்டில் சீன மொழியில் ஒரு பெருநூல் தொகுத்தார். அந்நூலை அடிப்படையாகக் கொண்ட ஹொஸ்ஸோ என்னும் பிரிவு ஜப்பானுக்குச் சென்று, நாரா நகரத்துக் கோஃபுகுஜி, யாகுஷிஜி ஆகிய கோயில்களில் இன்றளவும் நிலைத்து நிற்கிறது. சீனர் இவர் பெயரைத் தம் மொழியில் பொருள்பெயர்த்து, அறத்தைக் காப்பவர் எனப் பொருள்படும் ஹூஃபா என்று வழங்கினர்.

இவரது பெருமைக்கு ஒரு நிகழ்ச்சி போதும். தென்னாட்டிலிருந்து வந்த வாதி ஒருவன் இவரை வாதுக்கு அழைத்தான். மாணவராகிய சீலபத்திரர், "யான் சென்று வாதிடுவேன்" என்றார். அவருக்கு அப்போது வயது முப்பது. இவ்வளவு இளையவரா என்று அவையோர் தயங்கினர். தர்மபாலர் அவர்களைத் தேற்றி, மாணவரையே அனுப்பினார். சீலபத்திரர் வென்றார். அரசன் கொடுத்த ஊரை முதலில் மறுத்து, பின்னர் ஏற்று, அதன் வருவாயால் விகாரை ஒன்று அமைத்தார். அந்தச் சீலபத்திரரே முதுமையில் நாலந்தாவில் யுவான் சுவாங்கின் ஆசிரியரானார். சீன மரபின்படி தர்மபாலர் மறைந்தபோது அவருக்கு வயது 32 மட்டுமே. தமக்குக் கிடைக்கக்கூடிய வெற்றியை மாணவருக்கு விட்டுக்கொடுத்தார். அதனால் அவருக்குப் பின்னும் கல்வி தொடர்ந்தது. நம் சங்கங்களில் மேடையை இளையோருக்கு விட்டுக்கொடுக்க மனம் வாராத முதியோர், என்னையும் சேர்த்து, இதனைச் சிந்திக்க வேண்டும்.

5. உரையாசிரியர் தம்மபாலர்

மூன்றாமவரும் தமிழ்நாட்டோடு தொடர்புடையவரே. ஆதலால் இவரையும் காஞ்சித் தர்மபாலரையும் ஒருவரென்றே முற்கால ஆராய்ச்சியாளர் சிலர் எழுதிவிட்டனர். நமது ஐந்து வினாக்களையும் எழுப்பிப் பாருங்கள். காஞ்சியார் நாலந்தாவில் வாழ்ந்தவர்; இவர் பதரதித்தம் என்னும் விகாரையில் வாழ்ந்தவர். அவ்விகாரை இலங்கைக்கு அணித்தான தமிழ்நாட்டில் இருந்ததென்று பர்மிய மரபு நூலாகிய சாசனவம்சம் கூறும். அவர் எழுதியது வடமொழியில். இவர் எழுதியது பாலியில். அவர் மகாயான யோகாசாரர். இவர் இலங்கை மகாவிகாரை மரபைப் பின்பற்றிய தேரவாதி. வெவ்வேறு ஆள் என்பது தெளிவு.

புத்தகோசர் உரை எழுதாது விட்ட ஏழு நூல்களுக்குத் தம்மபாலர் உரை வகுத்தார். உதானம், இதிவுத்தகம், விமானவத்து, பேதவத்து, தேரகாதை, தேரிகாதை, சரியாபிடகம் என்பன அவை. நெத்திப்பகரணத்துக்கு எழுதிய உரையை நாகப்பட்டினத்தில், தர்மாசோக மகாராசன் பெயரால் அமைந்த விகாரையில் இருந்து எழுதியதாக அந்நூலின் இறுதியுரை கூறுகிறது.

இவ்வுரைகளால் நமக்கென்ன என்று கேட்பீர்களாயின், கேளுங்கள். தேரகாதையில் சுனீதர் என்னும் தேரரின் செய்யுட்கள் உள்ளன. வாடிய பூக்களைப் பெருக்கி அகற்றும் தொழில் செய்து, எல்லாராலும் இகழப்பட்டு, தலை கவிழ்ந்து வாழ்ந்தவர் அவர். பகவான் புத்தர் அவரைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார். தேரிகாதையில் புண்ணிகை என்னும் அடிமைப் பெண் பேசுகிறாள். குளிர்காலத்திலும் எசமானியரின் அடிக்கு அஞ்சி நீர் சுமந்தவள் அவள். நடுங்கியபடி ஆற்றில் மூழ்கிப் பாவம் கழிக்க முயன்ற அந்தணனை நோக்கி, நீரால் பாவம் போகுமாயின் தவளையும் ஆமையும் அல்லவோ முதலில் சுவர்க்கம் செல்லும் என்னும் கருத்துப்படக் கேட்டாள், அவன் தெளிந்தான். செய்யுள் இவ்வளவே சொல்லும். அவள் அனாதபிண்டிகர் வீட்டு அடிமையின் மகள் என்பதையும், அந்நிகழ்ச்சிக்குப் பின் அவள் விடுதலை பெற்றுத் துறவு பூண்டாள் என்பதையும் நமக்குச் சொல்பவர் உரையாசிரியர் தம்மபாலர்.

பெருக்குபவரும் நீர் சுமப்பவளும் எவர், எவர் மகள், எவ்வாறு வந்தனர் என்பதை ஏட்டில் எழுதி வைப்பது ஒரு தகுதியான வேலை என்று அவர் கருதினார். ஆலை எழுத்தர் ஒருவர் நால்வரை ஒரு குப்பனாக்கினார். அந்த உரையாசிரியரோ உலகம் பெயரிட்டு அழைக்காத மக்களை ஒவ்வொருவராகப் பிரித்து எழுதினார். இவர் போர் செய்யவில்லை, நாடாளவில்லை. எழுத்தாணியால் காத்தார்.

6. பால மன்னர் தர்மபாலர்

நான்காமவர் அரசர். எட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வங்கத்தையும் மகதத்தையும் ஆண்ட பால மரபினர். பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவது போன்று வலியார் மெலியாரை விழுங்கிய குழப்பத்தைப் போக்குவதற்காக, இவர் தந்தை கோபாலரை மக்கள் அரசுக் கட்டிலில் ஏற்றினர் என்று இவரது காலிம்பூர்ச் செப்பேடு கூறும். தர்மபாலர் கன்னோசி வரை படை நடத்தித் தமக்கு இசைந்த சக்கராயுதனை அங்கே அரசனாக்கினார்.

நம் நோக்கில் இவரது பெருஞ்செயல் விகாரைகளே. இன்றைய பீகாரின் பாகல்பூர் மாவட்டத்தில் விக்கிரமசீல மகாவிகாரையை நிறுவினார். பின்னாளில் அங்கிருந்தே அதீசர் புறப்பட்டு, 1042ஆம் ஆண்டில் திபெத்தை அடைந்தார். இன்றைய வங்கதேசத்துப் பஹார்பூரில் 177 அறைகளோடு கூடிய சோமபுர மகாவிகாரையின் இடிபாடுகள் உள்ளன. அங்கே கிடைத்த முத்திரைகளில் தர்மபாலர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1985ஆம் ஆண்டில் அது உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டது. பிற சமயத்தாரையும் அவர் வெறுக்கவில்லை; காலிம்பூர்ச் செப்பேடே நாராயணர் கோயிலுக்கு ஊர்கள் வழங்கிய சாசனம்தான்.

இதுவரை கேட்டு மகிழ்ந்தீர்கள். இனிக் கசப்பானது ஒன்றையும் கேட்க வேண்டும். இவர் மகன் தேவபாலர் வெளியிட்ட முங்கேர்ச் செப்பேடு தந்தையைப் புகழுமிடத்து, வழி தவறியோரை அடக்கி வருணங்களை அவ்வவற்றின் தர்மத்தில் நிலைநிறுத்தியவர் என்று புகழ்கிறது. விகாரை கட்டிய அரசர், புத்தரை வணங்கிய அரசர், தர்மபாலர் என்னும் பெயர் தாங்கிய அரசர், வருணத்தைக் காத்ததற்காகவும் புகழப்பட்டார்!

இதைப் படித்த அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பின்னரே ஒன்று விளங்கிற்று. இதுவரை ஒரே பெயருடைய பல மனிதரைப் பிரித்தறிய முயன்றோம். ஆனால் தர்மம் என்னும் சொல்லே ஒரே பெயருடைய இரண்டு பொருள்களைக் குறிக்கிறது. பிறப்பால் இன்னான் இன்ன வேலைக்கே உரியன் என்பதற்கும் தர்மம் என்றே பெயர். பிறப்பால் எவனும் தாழ்ந்தவன் அல்லன், செயலாலேயே உயர்வும் தாழ்வும் என்று பகவான் போதித்ததற்கும் தர்மம் என்றே பெயர். சுனீதர் தலை கவிழ்ந்து நின்றது முதலாவதால். தலை நிமிர்ந்தது இரண்டாவதால்.

7. அநகாரிக தர்மபாலர்

ஐந்தாமவரே நம் சங்கத்துச் சுவரில் படமாக இருப்பவர். 1864 செப்டம்பர் 17ஆம் நாள் கொழும்பில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டான் டேவிட் ஹேவாவிதாரண. அந்நிய ஆட்சியின் அடையாளமாகிய அப்பெயரைக் களைந்து, தர்மபாலர் என்னும் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டார். அநகாரிகர் என்றால் வீடற்றவர். பெயரைப் பிறர் கொடுக்கப் பெறாமல் தாமே மேற்கொண்டவர் என்ற வகையில், நம்மில் பலருக்கு மிக அணுக்கமானவர் இவரே.

1891 ஜனவரியில் புத்தகயா சென்று, கோயிலின் கேட்பாரற்ற நிலையைக் கண்டு மனம் பதைத்தார். அவ்வாண்டு மே 31ஆம் நாள் கொழும்பில் மகாபோதி சங்கத்தை நிறுவினார். 1893இல் சிக்காகோ சர்வசமயப் பேரவையில் பேசினார். 1895இல் ஜப்பானியர் அளித்த புத்தர் திருவுருவைப் புத்தகயாக் கோயிலில் நிறுவ முயன்றபோது, மகந்தின் ஆட்கள் அதனை அகற்றினர், வழக்குகள் நீண்டன. சாரநாத்தில் இவர் எழுப்பிய மூலகந்தகுடி விகாரை 1931 நவம்பரில் திறக்கப்பட்டது. 1933இல் பிக்குவாக உபசம்பதை பெற்று, அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சாரநாத்திலேயே மறைந்தார். புத்தகயாக் கோயில் நிர்வாகத்தில் பௌத்தருக்குப் பங்கு தரும் சட்டம் 1949இல்தான் வந்தது; அதுவும் முழு உரிமை அன்று, பாதிப் பங்கே. சென்னைப் பேராசிரியர் இலட்சுமி நரசு எழுதிய பௌத்த சாரம் பற்றிய ஆங்கில நூலுக்கு இவர் முன்னுரை எழுதினார். அதே நூலின் 1948ஆம் ஆண்டுப் பதிப்புக்கு முன்னுரை வழங்கியவர் டாக்டர் அம்பேத்கர்.

இவரிடத்தும் குறை உண்டு, மறைத்தல் பாடமாகாது. தம் நாட்டுச் சிங்களவரைத் தட்டியெழுப்ப முனைந்தபோது, அங்கு வாழ்ந்த தமிழரையும் முஸ்லிம்களையும் அந்நியராக்கிக் கடுஞ்சொற்கள் கூறினார். தமிழராகிய நாம் அதனை அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தபின் படத்தை இறக்க வேண்டுமோ என்று இளைஞர் ஒருவர் கேட்டார். வேண்டா. படத்தை வணங்குவது நம் வழக்கம் அன்று. அவர் செய்த நன்மைக்கு நன்றி கூறுவது நம் வழக்கம். நன்றி கூறும் வாயாலேயே பிழையையும் கூறலாம்.

8. விடை

இப்போது உபாசகரின் கேள்விக்கு வருவோம். கதைத் தர்மபாலர் ஊரோடு சேர்ந்து காத்தார். காஞ்சியார் வாதத்தாலும் மாணவராலும் காத்தார். உரையாசிரியர் எழுத்தாணியால் காத்தார். மன்னர் செல்வத்தால் காத்தார். அநகாரிகர் ஓயாத பயணத்தால் காத்தார். பெயர் ஒன்று, காவல் ஐந்து வகை. அவர்களுள் இருவர், ஓரிடத்தில் காவலை விட்டு நழுவியும் இருக்கிறார்கள்.

ஆகவே அவரிடம் நான் கூறியது இது: "பெயரை வையுங்கள். எவர் பெயர் என்று பிள்ளை கேட்டால், ஐவர் கதையையும் சொல்லுங்கள். குறையையும் விடாமல் சொல்லுங்கள். எதைக் காப்பவன் தர்மபாலன் என்று கேட்டால், மனிதனை மனிதன் தாழ்த்தாதிருப்பதைக் காப்பவன் என்று சொல்லுங்கள். மற்றதை அவன் பார்த்துக்கொள்வான்."

தீட்சை பெற்ற நாளில் எனக்கும் புதுப் பெயர் ஒன்று அளிக்கப்பட்டது. சங்கத்தார் அப்பெயராலேயே அழைக்கின்றனர். என் அன்னையார் மட்டும் இறுதி நாள் வரை "குப்பா" என்றே அழைத்தார். நானும் ஓடிச் சென்றேன். எழுத்தர் வாயில் இகழ்ச்சியாக ஒலித்த அதே பெயர், அவர் வாயில் என் உயிரைக் காத்த பெயராக ஒலித்தது. பெயரை உயர்த்துவதும் தாழ்த்துவதும் அழைப்பவர் நெஞ்சும் தாங்குபவர் செயலுமே.

பயிற்சி வினாக்கள்

1. காஞ்சித் தர்மபாலரும் உரையாசிரியர் தம்மபாலரும் ஒருவர் அல்லர் என்பதை எவ்வெவ்வாற்றால் அறிகிறோம்?

2. புண்ணிகையின் வரலாற்றில் செய்யுள் கூறுவது எவ்வளவு? உரை கூறுவது எவ்வளவு?

3. முங்கேர்ச் செப்பேட்டில் வரும் தர்மம் என்னும் சொல்லுக்கும் பகவான் போதித்த தம்மத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?

4. உங்கள் வீட்டில் வழங்கும் பெயர் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைத் தாங்கிய முன்னோர் இருவரைப் பற்றி ஐந்து வினாக்களையும் எழுப்பி விடை எழுதுக. அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில் அவ்விடைகளைப் படிப்போம்.